பெட்டி கிளம்பிவிட்டது, ஆள் கிளம்பவில்லை

1

எங்கள் அலுவலகத்தில் யாராவது கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால், "மன்னிக்கவும், என் பெட்டி நேரத்துக்கே கிளம்பிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அங்கே சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் நானும் சிரித்து வைக்கிறேன். ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு இந்த நகைச்சுவையைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று ஒரு பெயர் வேறு. நான் கொண்டுவந்தது நகைச்சுவை இல்லை. ஒரு பெண்ணின் எதிர்காலம் அந்தப் பெட்டியில் கிடந்தது. அதை இவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்கள். அதோடு போயிற்று.

போன வாரம் எங்கள் திட்டத்துக்கு ஐந்து வயது. கேக் வெட்டினோம். என் மேலதிகாரி ஹார்ட்விக் அம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம், "ஐந்து வருடங்களில் கற்றுக்கொண்ட பாடங்களை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு. அந்தப் பெட்டி விஷயத்தையும் சேர். நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கம் அழகாக வந்திருக்கிறது. மூன்று பாடங்கள், மூன்று பத்திகள். படித்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நடந்தது எதுவும் அந்தப் பக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது. அடங்காததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

திட்டம் இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, இந்த ஊரில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம், இரண்டும் கைகோத்துக்கொண்டன. வருடத்துக்கு இரண்டு பேர் அங்கிருந்து இங்கே வருவார்கள். மாணவர்களுக்கு வேலைவழி காட்டுவது எப்படி என்று ஒன்பது மாதம் கற்றுக்கொண்டு திரும்பிப் போவார்கள். முதல் அணியில் வந்தவன் நான். வந்தவனை இங்கேயே ஒருங்கிணைப்பாளர் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அங்கத்தியதை இங்கே விளக்குவதும் இங்கத்தியதை அங்கே விளக்குவதும்தான் என் உத்தியோகம். இரண்டு பக்கத்தாரும் என்னை மற்றப் பக்கத்து ஆள் என்றே நினைக்கிறார்கள்.

ஹார்ட்விக் அம்மாள் முதன்முறை பாளையங்கோட்டைக்கு வந்து பயிலரங்கு நடத்திய நாள் நினைவிருக்கிறது. முப்பது மாணவர்களுக்கு முப்பது நாற்காலி, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போடச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் தனியாக யோசிக்க வேண்டுமாம். காலையில் பார்த்தால் கூடம் கொள்ளவில்லை. ஒவ்வொரு மாணவனோடும் அப்பா, மாமா, அக்கா மாப்பிள்ளை, தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர்.

"இவர்களெல்லாம் யார்?" என்று அம்மாள் கேட்டார்.

"வீட்டு ஆட்கள்."

"அவர்களுக்கும் வேலை வேண்டுமா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. "இருந்தா குடுக்கச் சொல்லும்வே, நான் வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார். கூடமே சிரித்தது. ஹார்ட்விக் அம்மாளும், எதற்கென்று தெரியாமல், சிரித்தார்.

பிறகு ஒரு பையனை எழுப்பி, ஐந்து வருடம் கழித்து உன்னை எங்கே பார்க்கிறாய் என்று கேட்டார். பையன் மாமாவைப் பார்த்தான். மாமா எழுந்து நின்று, "அவன் இங்கனதான் இருப்பான். எங்க போயிரப் போறான்? நீங்க எப்ப வந்தாலும் பாத்துக்கிடலாம்" என்று உறுதி கொடுத்தார்.

மத்தியானம் அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சரி, நீ சொல். நீ உன் தொழிலை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?"

நான் உண்மையைச் சொன்னேன். அப்பாவுக்குப் பேட்டையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவர்கள் என்று எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பத்தாவது பாஸ் என்றதும் அடுத்து என்ன செய்வது என்று கேட்க எங்களுக்கு ஆள் கிடையாது. ஆலைக் கணக்கப்பிள்ளை லாரியில் சாய்ந்துகொண்டு, "பயல பாலிடெக்னிக்ல போடும்வே" என்றார். போட்டார்கள். அவ்வளவுதான். அவர் "பட்டாளத்துக்கு அனுப்பும்" என்று சொல்லியிருந்தால் இந்நேரம் காஷ்மீரில் நின்றிருப்பேன்.

அம்மாள் வருத்தத்தோடு என் தோளைத் தட்டினார். நான் வருத்தப்படவேண்டிய விஷயம் ஒன்று என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

3

கோமதி மூன்றாவது அணிக்கு வந்தவள். எம்.ஏ. முடித்திருந்தாள். பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்திய நேர்காணலுக்கு அப்பாவோடு வந்தாள். அப்பா ஆவுடையப்ப அண்ணாச்சி, தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு. கேள்வி கேட்டால் மகளைப் பார்த்து, "நீயே சொல்லு தாயி" என்பார். சொல்லிவிட்டு அவரே பதில் சொல்வார். இரண்டு கேள்வி இப்படிப் போயிற்று. மூன்றாவது கேள்வியில் கோமதி, "அப்பா, ஒரு நிமிஷம்" என்று அவர் முழங்கையைத் தொட்டாள்.

கல்லூரியில் வேலைவழிகாட்டு மையம் என்று ஒன்று ஆரம்பித்தால் என்ன செய்வாய் என்பது கேள்வி.

"பிள்ளையள தனியா கூப்பிட மாட்டேன். வீட்டோட கூப்பிடுவேன்" என்றாள். "முடிவு எடுக்கது வீடு. பையன்ட்ட மட்டும் பேசிட்டு அனுப்புனா, அவன் வீட்டுக்குப் போய் அடிதான் வாங்குவான்."

ஹார்ட்விக் அம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் அந்தத் தைரியம் பிடித்திருந்தது. கோமதியையும், அதே கல்லூரியில் படித்த சேகர் என்ற பையனையும் தேர்ந்தெடுத்தார்கள். சேகர் நல்ல பையன்தான். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் கூச்சமே படமாட்டான்.

இரண்டு பேரும் பயிற்சி முடித்துத் திரும்பியதும் ஒருவருக்கு அந்த மையத்தின் தலைமைப் பதவி என்று ஒப்பந்தம். நிரந்தர வேலை. ஆவுடையப்ப அண்ணாச்சி அன்றைக்கே என்னைத் தனியே கூப்பிட்டு விஷயத்தை வெட்டவெளிச்சமாக்கிவிட்டார். "தம்பி, அந்த வேலை கிடைச்சுட்டுன்னா உள்ளூர்லயே ஒரு மாப்பிள்ளை பாத்துருவேன், புள்ள இங்கனயே இருந்துக்கிடுவா. இல்லைன்னா பம்பாய் மாப்பிள்ளை ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். முடிச்சு அனுப்பிருவேன். அவன் வேலைக்கு விட மாட்டான், இப்பமே சொல்லிட்டான்."

கோமதி நாலு எட்டுத் தள்ளி நின்றாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

4

அடுத்த இரண்டு மாதமும் ஃபேக்ஸ், பதில் ஃபேக்ஸ், பதிலுக்குப் பதில். ஊர்ப் பெயரை மாற்றிய சமயம் அது. ஒரு தாளில் மெட்ராஸ் என்று இருக்கும், இன்னொரு தாளில் சென்னை. இரண்டும் வேறு வேறு ஊரா, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று இங்கே ஒரு அதிகாரி கேட்டு எழுதினார். ஒன்றேதான் என்று நான் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள்.

ஒரு வழியாக விசா நேர்காணலுக்குத் தேதி வந்தது. வியாழக்கிழமை, காலை, சென்னையில் தூதரக அலுவலகம். சேகருக்கு முன்பே முடிந்துவிட்டது, கோமதிக்கு மட்டும் பாக்கி. அந்த வியாழனை விட்டால் அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளி. பயிற்சியோ அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். வராதவர் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். இங்கே விதி என்றால் விதி.

ஆவுடையப்ப அண்ணாச்சி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். வியாழன் காலை சென்னையில் இருக்கவேண்டுமென்றால் புதன் சாயங்காலம் ரயில் ஏறவேண்டும். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்த நாள்களில் வடக்கு நோக்கிப் பயணம் தொடங்கக் கூடாது. திங்களன்றே கிளம்பினால் சென்னையில் இரண்டு நாள் தங்க வேண்டும். அங்கே சொந்தக்காரர்கள் இல்லை. வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு லாட்ஜில் தங்க அவருக்குச் சம்மதம் இல்லை.

இதற்கும் நம் ஊரில் வழி உண்டு. பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்குரிய சாமானைப் போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு கெட்ட நாளில் போனாலும் அது தொடங்குவது ஆகாது, தொடர்வதுதான். பெரும்பாலும் ஒரு வேட்டியோ துண்டோ வைப்பார்கள். அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பாஸ்போர்ட், சர்டிபிகேட்டுகள், இங்கிருந்து போன அழைப்புக் கடிதம், மாற்றுடை, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, திங்கள்கிழமை காலை நல்ல நேரத்தில், ஜங்ஷனுக்கு வடக்கே தச்சநல்லூரில் இருக்கும் தன் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை இங்கே என் மேஜையில் தொலைபேசி அடித்தது. அங்கே மதியம். எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அண்ணாச்சி.

"தம்பி, பெட்டி கிளம்பிட்டு. புள்ள இங்கன நிக்கா."

"எங்க கிளம்பிட்டு அண்ணாச்சி?"

"அதான், திங்கக்கிழமையே கிளம்பியாச்சுல்லா! இப்ப எடுக்கப் போனா தம்பி வீடு பூட்டிக் கிடக்கு. குடும்பத்தோட குலசைக் கோயிலுக்குப் போயிட்டான். தசராவுக்கு இவன் மகன் முருகேசன் காளி வேஷம் கட்டுதான். நாளைக்குத்தான் போறதா இருந்துச்சு. வேன் இன்னைக்கே கிடைச்சுட்டாம், ஏறிப் போயிட்டான் சவத்துப்பய."

"சாவி?"

"சாவியும் போயிட்டு."

"பூட்டை உடைச்சிருங்க அண்ணாச்சி."

"என்ன பேசுதீய! அந்த வீட்டுப் பிள்ளை காப்புக் கட்டி அம்மனுக்கு விரதம் இருக்கான். அந்த வாசல்ல போய் சுத்தியலத் தூக்கவா?" அவர் மூச்சு வாங்கினார். "இது சகுனம் தம்பி. போவாதன்னு சொல்லுது. இந்த வருஷம் விட்ருவோம்."

பின்னாலிருந்து கோமதியின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எழுந்து ஹார்ட்விக் அம்மாளின் அறைக்குப் போனேன். இதை எந்த ஜெர்மன் சொல்லில் சொல்வது?

"கோமதியின் பெட்டி திங்கள்கிழமையே கிளம்பிவிட்டது" என்று ஆரம்பித்தேன்.

"நல்லது. எங்கே போயிருக்கிறது?"

"பக்கத்துப் பேட்டைக்கு."

"அவள்?"

"அவள் இன்னும் கிளம்பவில்லை. ஆனால் கணக்குப்படி கிளம்பிவிட்டாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சாவி யாரிடம் இருக்கிறது?"

"காளியிடம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள்தான்.

5

அன்று மாலை மகளை மழலையர் பள்ளியில் இருந்து கூட்டிவரப் போனேன். ஆசிரியை என்னை நிறுத்தினார். குழந்தைக்கு நாங்கள் வீட்டில் ஊட்டிவிடுகிறோமாம். எந்த ரொட்டி, எந்த பாலாடைக்கட்டி என்று இங்கே ஒவ்வொரு குழந்தையும் தானே தேர்ந்தெடுக்கும்போது இவள் மட்டும் பக்கத்துக் குழந்தையைப் பார்க்கிறாளாம். "தன்னம்பிக்கை இப்போதே வளர வேண்டும்" என்றார். எங்கள் மகளுக்கு மூன்று வயது.

வீட்டில் மனைவி சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். மகள் கையைத் தட்டிவிட்டு, "ஸெல்பர்!" என்றாள். நானே என்று அர்த்தம். சோறு தரையெல்லாம் சிதறியது. வாயில் ஒரு பருக்கை போகவில்லை.

"உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுக்கிறது இதைத்தானா?" என்று மனைவி கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மூன்று வயதில் தனியாக முடிவெடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் எம்.ஏ. படித்தவளை, பெட்டி போன வழியே போகச் சொல்கிறார்கள். நடுவில் தரையைத் துடைக்கிறவன் நான்.

6

வியாழக்கிழமை தொலைபேசி மறுபடி அடித்தது.

"அண்ணே, கோமதி பேசுதேன். சென்னையில நிக்கேன். விசா குடுத்துட்டாவ."

நாற்காலியில் உட்கார்ந்தே இருந்ததால் விழவில்லை. நடந்ததை அவள் இங்கே வந்த பிறகு, பலமுறை, பலபேர் கேட்கச் சொன்னாள். சேகருக்குச் சொன்னாள், என் மனைவிக்குச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

மதியம் திருச்செந்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம் போயிருக்கிறாள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் வேஷம். குறவன், குறத்தி, கரடி, போலீஸ், ராஜா. காளிகள் மட்டும் தெருவுக்கு இருபது. எல்லாருக்கும் ஒரே கறுப்பு முகம், ஒரே சிவப்பு நாக்கு. இதில் முருகேசன் யார்?

"பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று என் மனைவி கேட்டாள்.

"எப்படி மைனி கூப்பிட? வேஷம் கட்டிட்டா அது அம்மன். ஏலே முருகேசான்னு கத்துனா அடிக்க வந்துருவாவ. ஒவ்வொரு காளி காலடியாப் பாத்துக்கிட்டே போனேன். சித்தப்பா செருப்பு எனக்குத் தெரியும். ஒரு காளி பக்கத்துல அவ்வோ செருப்பு கிடந்துச்சு."

சாவி எங்கே இருந்தது தெரியுமா? காளியின் இடுப்பில். திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் தொல்லை. எல்லார் மடியிலும் கை வைப்பார்கள், காளி மடியில் எவன் வைப்பான் என்று சித்தப்பா யோசித்திருக்கிறார். சேலையை இறுக்கிச் சுற்றி, மேலே மரக் கைகளைக் கட்டி, அதற்கு அடியில் எங்கோ வீட்டுச் சாவி.

சின்ன வயசில் யார் காதைப் பிடித்துத் திருகினாளோ அந்தத் தம்பி முன்னால் கோமதி கை கூப்பி நின்றாள். "தாயே, தச்சநல்லூர் வீட்டுச் சாவி வேணும்." சுற்றிலும் குங்குமம் வாங்க ஆட்கள். முருகேசன் ஒரு கணம் அக்காளைப் பார்த்து விழித்தான். உடனே சுதாரித்துக்கொண்டான். சித்தப்பா சூடம் ஏற்றி, கும்பிட்டு, சேலை மடிப்புக்குள் துழாவி எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சியின் பஞ்சாங்கப் பிரச்சினை வீட்டில் எல்லாருக்கும் தெரியும் அல்லவா? முருகேசன் சூலாயுதத்தை ஓங்கி நிலத்தில் ஊன்றி, தெருவே கேட்க, "வடக்க போ மகளே! சூலம் என் கையில இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்!" என்றான்.

"அதை வந்து அப்பாட்ட சொன்னேன். அம்மனே சொல்லியாச்சுன்னு அப்பா அனுப்பி வச்சாவ. ராத்திரி பஸ்ல ஏத்திவிட்டாவ. வந்துட்டேன்."

கேட்டவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

7

பயிற்சியின் கடைசி மாதம் ஒரு மதிப்பீடு. ஒவ்வொருவரும் குழுவின் முன் எழுந்து நின்று, வாழ்க்கையில் தனியாக எடுத்த ஒரு முக்கியமான முடிவைச் சொல்ல வேண்டும். சேகர், வீட்டில் யாரையும் கேட்காமல் மோட்டார் சைக்கிள் வாங்கியதைச் சொன்னான். பணம் அப்பாவுடையது என்பதை விட்டுவிட்டான். முழு மதிப்பெண்.

கோமதி தச்சநல்லூர் பூட்டைச் சொன்னாள். சித்தப்பா செருப்பைச் சொன்னாள். தம்பி கொடுத்த வாக்கு, அப்பா ஏற்றிவிட்ட பஸ், தூங்கிப் போனவளைச் சரியான நிறுத்தத்தில் எழுப்பிவிட்ட கண்டக்டர் என்று எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்து முடிக்கும்போது அவள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. பயிற்சியாளர் எழுதினார்: "சொந்த முனைப்பு குறைவு. மற்றவர்கள் நகர்த்தும் திசையில் நகர்கிறார். தலைமைப் பொறுப்புக்குப் பரிந்துரைக்க இயலாது."

அந்தத் தாளைப் படித்த கையோடு விடுதிச் சமையலறைக்குப் போனேன். கோமதி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். சேகர் மூலையில் டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, குலசைக்குத் தனியாப் போனது நீதானே? அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"பஸ் இருந்துச்சு, ஏறிப் போனேன். இதுக்கெல்லாமா மார்க்கு?"

"அந்த வேலை உனக்கு வேண்டாமா?"

கத்தி நின்றது. அவள் சேகர் இருந்த மூலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அவனுக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா அனுப்புனாவ, வந்தேன். அவ்வளவுதாண்ணே" என்றாள்.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பம்பாய் மாப்பிள்ளை இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

8

மேல்முறையீடு செய்யலாம் என்று விதியில் இருந்தது. விண்ணப்பதாரரின் செயலை நேரில் பார்த்த ஒருவர் வாக்குமூலம் தர வேண்டும். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதினேன். "விசாரித்துத் தெரிவிக்கப்படும்" என்று பதில் வந்தது. விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் பயிற்சி முடிந்து இரண்டு பேரும் ஊர் திரும்பிவிட்டார்கள். சேகரின் பெயர் தட்டச்சு ஆகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. காளி உத்தரவு கொடுத்தபிறகு அனுப்பி வைத்த அப்பா. அவள் சாவி தேடிப் போனதையாவது சொல்வார். ஹார்ட்விக் அம்மாளின் அறையில் இருந்தே கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். ஆவுடையப்ப அண்ணாச்சி வீட்டில் தொலைபேசி இல்லை, எதிர் வீட்டுக்கு வரவேண்டும். வந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நடந்ததை எங்க மேடத்துக்குச் சொல்லணும். உங்க மக தானா ஒண்ணும் முடிவு எடுக்கலைன்னு எழுதிட்டாவ. வேலை சேகருக்குப் போகுது."

"அங்கன அவ என்ன சொன்னா?"

"நீங்க அனுப்புனதாச் சொன்னா. அம்மன் உத்தரவு, அப்பா பஸ் ஏத்திவிட்டாவன்னு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யாரோ, "என்ன அண்ணாச்சி, நல்ல சேதிதானே?" என்று கேட்டார்கள்.

"தம்பி," என்றார் பைய. "எதிர் வீட்ல இருந்து பேசுதேன். எல்லாரும் நிக்காவ."

"அப்ப பூத்துக்குப் போய்—"

"இல்ல. எழுதிக்கிடச் சொல்லுங்க." குரல் ஏறியது, தாலுகா ஆபீஸ் குரல். "நான் அனுப்பலை. அவளை நான் அனுப்பவே இல்லை. பூட்டைப் பாத்ததும் சகுனம் சரியில்லை, போகாதன்னேன். குலசைக்குப் போகாதன்னேன், போனா. சாவியோட வந்தா. அம்மன் வடக்க போகச் சொல்லிட்டான்னா. எந்த அம்மன்? நம்ம முருகேசப் பய! பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவை போனவன்! அவன் சொல்லி நான் விடுவேனா? முடியாதுன்னேன். தச்சநல்லூர் வீட்டைத் திறந்து பெட்டியத் தூக்கிட்டு நடந்துட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே சத்தம் போட்டுட்டுப் போனேன். நல்லவேளை, எங்க தெரு ஆளு ஒருத்தரும் பாக்கலை. திரும்பிக்கூடப் பாக்கலை. ஒத்தையில, ராத்திரி பஸ்ல, ஏறிப் போயிட்டா."

எதிர் வீட்டில் விசில் நின்றுபோயிருந்தது.

"ஊர்ல எல்லார்ட்டயும் அப்பா அனுப்புனாவ, அப்பா அனுப்புனாவன்னே சொல்லிட்டா. நானும் ஆமான்னுட்டேன்" என்றார். "அங்கன வந்தும் அதையேவா சொன்னா?"

நான் வாக்கியம் வாக்கியமாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் குரலின் கடுமையைக் கேட்ட ஹார்ட்விக் அம்மாள் பயந்துபோய், தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அவர் மகள் மேல் புகார் சொல்கிறாரா?"

"இல்லை" என்றேன். "சிபாரிசு செய்கிறார்."

அம்மாள் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு மதிப்பீட்டுத் தாளை எடுத்து, பயிற்சியாளர் எழுதிய வரியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோமதிக்கு நியமன உத்தரவு அந்த மாதமே போய்விட்டது.

உத்தரவு கிடைத்த நாள் அவளே பூத்தில் இருந்து கூப்பிட்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எதிர் வீட்ல வச்சா அப்பாவைப் பேச விட்டீய? தெருவே அப்பாவைக் கேலி பண்ணுது. மக சொல் கேக்காதவளாமேன்னு கேக்காவ."

"வேலை கிடைச்சுட்டுல்லா, கோமதி?"

"கிடைச்சுது. அதுக்கு அப்பா மானத்தையா விக்கணும்? உங்கள யாரு அண்ணே கேட்டா?"

அதற்குள் அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"தம்பி, அவ கிடக்கா" என்றார் ஆவுடையப்ப அண்ணாச்சி. "அந்த அம்மா இன்னும் எதுவும் எழுதணும்னா எழுதிக்கிடச் சொல்லுங்க. இவ ரெண்டாம் கிளாஸ் படிக்கையில இருந்தே எம் பேச்சைக் கேட்டவ இல்ல. சொல்லுததுக்கு நெறைய இருக்கு."